பலகையில் நான் சேர்த்த சொல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். தொழுதுவிட்டு உட்காரும்போதெல்லாம் மனசு உறுத்தும். பேனாவை எடுத்தால் வெட்கம் தடுக்கும்.

எண்பதுகளில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். படிப்பு எட்டாவதுதான், ஆனாலும் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால் கேன்டீன் பலகையில் எழுதுவது என் பொறுப்பு. கல்லாவியிலிருந்து ஒரு அக்கா புதிதாகச் சமைக்க வந்தார். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மூன்று நாள் சேர்ந்தாற்போல் சட்டியில் மிஞ்சினால் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"களி, கீரக்கொழம்புன்னு எழுதுங்க பாய், போதும்" என்றார் அக்கா. எனக்குப் போதவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் படித்தது ஞாபகம் வர, "இன்று சத்தான உணவு" என்று மேலே கொட்டை எழுத்தில் எழுதினேன்.

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. வந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள், கேட்டுக்கு வெளியே இருந்த ஓட்டலுக்கு நடந்தார்கள். மறுநாளும் அப்படியே. மிஞ்சிய களி உருண்டைகளை ஈரத்துணியால் மூடிக்கொண்டே, "எங் கையில என்னா கொற பாய்?" என்று கேட்டார் அக்கா.

அன்று சாயங்காலம் லேத் ஓட்டுகிறவரைப் பிடித்து, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"யாருக்கு ஒடம்பு சரியில்ல பாய்? எம் பொண்டாட்டி மாசமா இருந்தப்ப நர்ஸம்மா சத்துமாவு குடுத்தாங்க. நானும் தின்னு பாத்தேன். உப்புமில்ல, ஒறப்புமில்ல!"

யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் காய்ச்சல் விட்டவனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும்தான் சத்து. தெம்பாக இருப்பவனிடம் "வயிறார தின்னு" என்போம். தினம் தின்கிற கேழ்வரகுக் களியை ஒருவரும் சத்து என்று சொன்னதில்லை.

மூன்றாம் நாள் "யா அல்லாஹ்" என்று பலகையைத் துடைத்தேன். "களி, கீரைக்குழம்பு. காரம் தூக்கல்" என்று எழுதினேன். பிஸ்மில்லா சொல்லி முதல் ஆளாக உட்கார்ந்தேன். களியைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அதைத் தின்கிற முறைப்படி மெல்லாமல் விழுங்கினேன்.

"பாய் முழுங்கற வேகத்துக்கு நமக்கு மிஞ்சாதுடா!" என்று லேத்துக்காரர் தட்டோடு ஓடி வந்தார். அவர் பின்னால் வரிசை நின்றது. சட்டி காலி. மேனேஜர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

"உங்க எழுத்துதான் பாய் எம் புள்ளைங்களுக்குச் சோறு போட்டுது" என்றார் அக்கா. முதல் இரண்டு நாள் கெடுத்ததும் அதே எழுத்துதான் என்று நான் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டேன்.

நான்தான் அவரைக் காப்பாற்றினேன் என்று அங்கே இன்றும் பேசுகிறார்கள். நீங்கள் யாரிடமாவது சொன்னால் அப்படிச் சொல்லாதீர்கள். இரண்டு நாள் அந்தக் களி வீணானது என்னால்தான். அக்காவின் கையில் ஒரு குறையும் இல்லை. இதை இப்படியே சொல்லுங்கள், எனக்காக நல்லதாக மாற்றிவிடாதீர்கள்.