குவைத்திலிருந்து வந்த தாய்மாமன்

வேப்பந்தட்டை ராசாங்கம் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவன். திருச்சியில் வெல்டிங் பழகி, லப்பைக்குடிக்காட்டு அனிபா பாய் வாங்கித் தந்த விசாவில் 1977இல் குவைத் போனான். அங்கே கையில் பட்ட தீக்காயத்துக்குக் கட்டுப்போட்ட பிலிப்பைன்ஸ் நர்ஸ் தெரசிட்டாவை மூன்று வருடம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டான். 1983இல் பெண் பிறந்தது. சர்ச் ஏட்டில் ரோஸ்மேரி, ஊருக்குச் சொல்ல சிந்தாமணி.

ஞானஸ்நானத்திலேயே அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. தெரசிட்டா பன்னிரண்டு ஞானப்பெற்றோரைக் கூட்டியிருந்தாள். ஒரு பிள்ளைக்கு எதற்கு இத்தனை அப்பா அம்மா என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்டான்.

"உங்கள் ஊரில் உனக்கு எத்தனை மாமா, எத்தனை சித்தப்பா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். எண்ணிப் பார்த்தான்; இருபதைத் தாண்டியது.

அந்த அலுப்பு தீருவதற்குள் அக்கா மலர்க்கொடியிடமிருந்து கேசட் வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது; சேதியெல்லாம் கேசட்டில்தான்.

"தம்பி, வர்ற சித்திரையில பாப்பாவுக்குக் காது குத்திப்புடணும். தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சுத்தான் குத்தணும். ஒம் பொண்டாட்டிக்கு அண்ணன் தம்பி இருக்காங்களா இல்லியா, கேட்டுச் சொல்லு."

இருந்தான். நெஸ்டர், தெரசிட்டாவின் அண்ணன், அதே குவைத்தில் லாரி மெக்கானிக். அவரையெல்லாம் ஊருக்கு இழுத்துவர முடியாது, மாமன் முறையில் யாரையாவது உட்கார வையுங்கள் என்று ராசாங்கம் பதில் கேசட் அனுப்பினான்.

"அதெல்லாம் ஆவாது," என்றது அடுத்த கேசட். "இருக்கிற தாய்மாமனை வுட்டுட்டு வேத்தாளு மடியில ஒக்கார வெச்சா அவரு மனசு என்ன பாடுபடும்?"

ராசாங்கம் இதை நெஸ்டரிடம் வேடிக்கையாகச் சொன்னான். நெஸ்டர் சிரிக்கவில்லை. "எத்தனை நாள் லீவு போட வேண்டும்?" என்று கேட்டான்.

புறப்பட இரண்டு வாரம் இருக்கையில், ஷிப்ட் முடிந்து வந்த ராசாங்கம் குழந்தையைத் தூக்கினான். இரண்டு காதிலும் பொட்டுத் தங்கம் மின்னியது.

"என்ன இது?"

"கம்மல். என் சிநேகிதி குத்தினாள். எங்கள் ஊரில் பிறந்ததுமே குத்திவிடுவோம்."

"அதுக்குத்தானே ஊருக்கே போறோம்."

"காதுக்கு விருந்து என்றுதான் நீ சொன்னாய். ஒன்றுமில்லாத காதோடு விருந்துக்கு எப்படிக் கொண்டுபோவது?"

ஊரில் பத்திரிகை அடித்தாகிவிட்டது, கிடா வாங்கிக் கட்டியாகிவிட்டது. துளை தூர்ந்துவிடட்டும் என்று கம்மலைக் கழற்றினான். தெரசிட்டா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் தானே மாட்டிவிட்டான்.

பம்பாயில் இறங்கியதிலிருந்து குழந்தைக்குக் காதை மூடி ஒரு கம்பளிக் குல்லாய் போட்டுவிட்டான். ரயிலில் அது கத்தியது. பெரம்பலூர் பஸ்ஸில் கத்தியது. நெஸ்டர் வழியெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டி, சோளக்காட்டையும் வெங்காயப் பட்டறையையும் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டபடி வந்தான். ராசாங்கம் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

வாசலில் குழந்தையை வாங்கிய மலர்க்கொடி முதலில் குல்லாயைப் பிடுங்கி எறிந்தாள். "சித்திரை வெயில்ல எந்த மடையன்டா இத மாட்டுனது?"

பிறகுதான் காதைப் பார்த்தாள். ராசாங்கம் ரயிலில் சொல்லிப் பழகிய விளக்கத்தை ஆரம்பித்தான். அவள் காதில் வாங்கவே இல்லை. தெரசிட்டாவைக் கிட்டத்தில் கூப்பிட்டு, குழந்தையின் காதைத் தொட்டு, விரலால் குத்துவதுபோலக் காட்டி, எப்போது என்று கையை விரித்தாள். தெரசிட்டா இரண்டு விரல் காட்டி, குழந்தை அழுததை நடித்துக் காட்டினாள். மலர்க்கொடி காது மடலை அழுத்திப் பார்த்தாள்.

"நல்லாத்தான் குத்தியிருக்காங்க. சீழு புடிக்கல."

"அப்ப காதுகுத்து?" என்றான் ராசாங்கம்.

"அது பாட்டுக்கு நடக்கும். ஆசாரி கையால புதுத் தோடு போட்டுவுட்டா ஆச்சு. இதுக்குப் போயி பச்சப்புள்ளைய இப்புடி வேகவெச்சிருக்கியே."

இரண்டு வார வேதனை அவ்வளவில் முடிந்துபோனதில் அவனுக்கு நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் மேளத்தோடு சீர் வந்தது. வேட்டிமேல் பெல்ட் கட்டி, கழுத்தில் மாலையோடு நெஸ்டர் முன்னால் நடந்தான். தேங்காய் பழத் தட்டுகளுக்கு நடுவே குவைத் கம்பளியும் பிஸ்கட் டின்னும் இருந்தன. கோயிலில் அவன் மடியில் உட்கார்ந்து குழந்தை மாலையைப் பிய்த்துத் தின்றது. ஆசாரி தோட்டை மாட்டினார். அது அழவே இல்லை.

"அழுவாத காதுகுத்த இப்பத்தான் பாக்குறேன்," என்று ஒரு பங்காளி முனகினார்.

அழுதது நெஸ்டர்தான். என்னவோ தப்பாகிவிட்டது என்று பதறிப்போய் ராசாங்கம் குனிந்து கேட்டான்.

"எனக்கு நான்கு தங்கைகள். எல்லார் பிள்ளைகளுக்கும் பெட்டி பெட்டியாகச் சாமான் அனுப்பியிருக்கிறேன்," என்றான் நெஸ்டர். "ஒரு பிள்ளைகூட என் மடியில் உட்கார்ந்ததில்லை."

 அதற்குள் பந்தியில் சோறு பத்தவில்லை என்று ராசாங்கத்தைக் கூப்பிட்டார்கள்.

குவைத் திரும்பும் நாளில் மலர்க்கொடி பஸ் ஏற்றிவிட வந்தாள். தெரசிட்டாவுக்குப் பூ வைத்தாள். நெஸ்டர் மடியில் முறுக்குப் பையை வைத்தாள். நான்கு பெட்டியைச் சுமந்துகொண்டு நின்ற தம்பியைப் பார்த்து, "அடுத்த தடவ லீவு கெடைக்கலன்னா நீ செரமப்படாத. அவங்கள மட்டும் அனுப்பிவுடு," என்றாள்.

பெரம்பலூர் வரை ராசாங்கம் யாரோடும் பேசவில்லை. யாரும் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.