சந்தை நாளில் இறக்கிய விற்பனைப் பலகைகள்

எழுபதுகளின் கடைசியில், நாமக்கல் பக்கம் ஒரு டவுன் பஞ்சாயத்தில் பில் கலெக்டராகச் சேர்ந்தேன். தெருவில் விற்பனை போர்டு வைக்க அனுமதியும், ஒவ்வொரு போர்டிலும் ஆபீஸ் முத்திரையும் வேண்டும் என்பது விதி.

லாரி பாடி பட்டறை வைத்திருந்த தங்கவேல், பட்டறையை மூடப்போவதால் சாமான்களை விற்க வேண்டும், போர்டு வைக்க என்ன செய்யணும் என்று கேட்டு வந்தார். "பார்த்துச் சொல்றேன்" என்றேன். பார்க்கவுமில்லை, சொல்லவுமில்லை.

சந்தையன்று காலை புளியமரங்களில் அவருடைய போர்டுகள் தொங்கின. லாரிப் பின்கதவுப் பலகையில் 'ஜாக்கி, டயர், வெல்டிங் செட் விற்பனைக்கு' என்று பெயின்ட் எழுத்து. முத்திரை இல்லை. முதல் நடவடிக்கை எடுக்கும் வேகம் எனக்கு. கயிற்றை அறுத்தேன். தங்கவேல் ஓடி வந்தார்.

"சாமி, இன்னைக்கு ஒருநாள் உட்டுருங்க. நாளைக்குக் கட்டடத்தக் காலி பண்ணோணும். விக்காதது காயலான் கடைக்குத்தான் போகும்."

"முத்திரை இல்லீங்களே."

"பலகைல எங்கீங்க முத்திரை உழுகும்? குத்திக் காட்டுங்க பாக்கலாம்."

பலகைகளைக் குப்பை வண்டியில் ஏற்றி வந்து ஆபீஸ் சுவரில் சாய்த்தேன். அது சந்தைக்குப் போகும் ரோடு. போர்டைப் படித்தவர்கள் விற்பனை இங்கேதான் என்று நினைத்துக்கொள்ள, கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"ஏனுங்க, ஜாக்கி எங்க வெச்சிருக்கீங்க?"

"பஞ்சாயத்தையே விக்கறாங்களாட்ட இருக்குது. இந்த ஆபீஸ் சேரு என்ன வெலைங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். வெல்டிங் செட் கேட்டு ஒருவர் பரமத்தி வேலூரிலிருந்து வந்திருந்தார். எரிச்சலில், "இங்க ஒண்ணும் விக்கலீங்க, போங்க" என்றேன். அவர் பஸ் ஏறிவிட்டார்.

விஷயம் கேள்விப்பட்டுத் தங்கவேல் வந்தார். ஆபீஸ் படியில் ஏறி நின்று என்னைப் பார்த்தார். "வாயால கூப்புடறதுக்கும் முத்திரை வேணுங்களா, சார்?"

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். அப்படி எதுவும் இல்லை.

"பட்டறை மேக்கால இருக்குதுங்க, எல்லாரும் எம்பின்னாலயே வாங்க" என்று அவர் கூவிக்கொண்டு நடக்க, கூட்டம் திருவிழாப்போல் பின்னால் போனது. நானும் போனேன். ஜாக்கி, டயர், ஸ்பேனர் என்று கைமாறிக்கொண்டே இருந்தன. எனக்கே உற்சாகம் தாங்கவில்லை; ஒருவருக்கு டயரைத் தூக்கிவிட்டேன்.

சாயங்காலம் மிஞ்சியது வெல்டிங் செட் மட்டும். மறுநாள் காயலான் கடைக்காரர் அதைத் தராசில் வைத்து எடைபோட்டார். வேலூர்க்காரரை நான் திருப்பி அனுப்பியதைத் தங்கவேலிடம் அப்போதுதான் சொன்னேன்.

அவர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு வந்து கேட்டப்பவே விதியச் சொல்லியிருந்தீங்கன்னா, பேப்பர்ல எழுதி முத்திரை வாங்கி ஒட்டியிருப்பனுங்களே, சார்."

கயிற்றை அறுக்கும் அதிகாரம் எனக்கு இருந்தது. விதியை முதலில் சொல்லும் கடமையும் எனக்கே இருந்தது என்பதை அன்றுதான் கற்றேன்.