ஒன்பது அங்குலச் சுவர்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்காக எங்கள் வீட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தங்கையாகிய நான் இங்கே திருத்தியாக வேண்டும்.

அக்கா கோவிலம்பாக்கத்தில் பிறந்தார். வயலை மனைகளாகப் போட்டுவிட்டு அப்பா செங்கல், சிமெண்ட் கடை வைத்த சமயம் அது. ஒன்பதாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து அக்காவுக்கு ஒரு வருடம் போயிற்று. அதனால் நாங்கள் இருவரும் ஒரே வகுப்புக்கு வந்துவிட்டோம். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் கட்டட வரைபடப் பிரிவில் சேர்ந்தோம். முதல் வருடம் பலகையும் பென்சிலும். அடுத்த வருடம் கணினியில் வரைவது. இரண்டு பேருக்கு ஒரு கணினி. அக்கா பென்சில் சீவுவதற்கே கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். நான் அவசரக்காரி.

செய்முறைத் தேர்வுக்கு இருவரும் சேர்ந்து ஒரு வீடு வரைந்து கொடுக்க வேண்டும். தரைத்தள பிளான் என் பொறுப்பு, குறுக்குவெட்டுத் தோற்றம் அக்காவுடையது. நல்ல மதிப்பெண் வந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஏற்கெனவே ஒரு வருடத்தை இழந்த அக்கா அதைத்தான் மலைபோல் நம்பியிருந்தார். நானோ சமையலறைச் சுவரின் தடிப்பைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். முப்பது அடி வர வேண்டிய வீடு ஒன்பது அங்குலம் குறைந்தது. திருத்த வேண்டுமென்றால் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். கோட்டைத் தொடாமல், கணினி காட்டிய எண்ணை அழித்துவிட்டு முப்பது என்று தட்டினேன். அக்காவிடம் சொல்லவில்லை.

தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எங்கள் தாளில் ஸ்கேலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"அளவு ஒதைக்குதே. நம்பரை மாத்தி அடிச்சிருக்கீங்க. பிளான் போட்டது யாரு?"

அக்கா தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் சார்."

"கொறஞ்சா கொறஞ்சதுன்னு காட்டணும்மா. இது தப்பு இல்ல, ஏமாத்து."

அவர் அந்த எண்ணைச் சிவப்பு மையால் சுழித்து, அக்காவின் மதிப்பெண்ணைக் குறைத்தார். ஓர் அடி தள்ளித்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஒரே ஒரு முறை பேசினார். "இனிமே நம்பர் மேல கைய வெச்சே, ஒடச்சிடுவேன்." அப்பாவிடமும் பிளான் தன்னுடையது என்றே சொன்னார். அதன்பின் இரண்டு நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

எனக்கு இடம் கிடைத்தது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை. சேலையூரில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் வீட்டு பிளான் வரையும் வேலைக்குச் சேர்ந்து, கடைசி வரை அங்கேயே இருந்தார். கல்யாண வீடுகளில் அப்பா, "எங்க பெரியவ செவுத்தையே முழுங்கினவ" என்று கேலி செய்வார். நீங்களெல்லாம் சிரிப்பீர்கள், அக்காவும் சிரிப்பார். எனக்கு மட்டும் சோறு இறங்காது. துக்கத்துக்கு வந்த ஊரப்பாக்கத்து மேஸ்திரி என்னிடம், "அவங்க டிராயிங்னா டேப் வெச்சிப் பாக்கவே வேணாம்மா, கரீட்டா வந்து ஒக்காரும்" என்றார். அதைக் கேட்டு அப்பா ஆச்சரியப்பட்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

இரத்தப் புற்றுநோயுடன் அக்கா மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்தில், "அப்பாகிட்ட சொல்லிடறேன்க்கா" என்றேன்.

"நான் இருக்கும்போது வேணாம்டி. அவரு உன்னத் திட்டறத என்னால பாக்க முடியாது. அப்புறமா சொல்லிக்கோ."

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கேட்டதும் ஓடிவந்து இரத்தம் கொடுத்த பொத்தேரி மாணவர்களுக்கும், நாள் தவறாமல் கஞ்சி வைத்துக் கொண்டுவந்த சித்திக்கும், அலுவலக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடன் இருக்கும்.

அப்பா, அந்தச் சுவரை விட்டது நான். எண்ணை மாற்றியதும் நான். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். இனி அக்கா பார்க்க மாட்டார்.