மவுஸை அழுத்தாத விரல்

என் இடது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துச் சரிவில் பாதி தூரம் ஏறிய பிறகு, பின்னால் வந்த கணக்கு டீச்சர் கூப்பிட்டார். "செல்வி, செருப்ப விட்டுட்டுப் போறீங்களே!"

குனிந்து பார்த்தேன். ஈரத் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நின்றிருந்தேன். தரை சில்லென்று இருந்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவே இல்லை.

கொடைக்கானலில் காலையில் கால் மரத்துப்போவது யாருக்கும் புதிதல்ல. அதனால் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு காதுகுத்து விருந்தில் சாப்பிட்டு எனக்கு வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. இதைப் படிக்கும் யாருக்காவது அப்படி நேர்ந்தால் சேர்த்துப் பாருங்கள்.

நான் அப்போது ஓர் உறைவிடப் பள்ளியில் கணினி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் தங்கராஜ் சுற்றுலா வருகிறவர்களுக்கு வேன் ஓட்டுகிறார். செண்பகனூரில் சாலைக்குக் கீழே எங்கள் வாடகை வீடு. அம்மாவும் எங்களோடு இருந்தார். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) பிறந்து, என்னைப் பெறுவதற்கு முன்பே கப்பலேறி வந்தவர்.

மறுநாள் மரமரப்பு முழங்கால் வரை வந்திருந்தது. அதற்கடுத்த நாள் வீட்டுப் படியில் கால் ஏற மறுத்தது. கையால் தொடையைத் தூக்கி வைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க லயத்துல ஒரு புள்ளைக்கு இப்பிடித்தான் கால்லருந்து ஏறுச்சு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது.

ஊரில் இருந்த மருத்துவர் சிறு சுத்தியலால் என் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளவில்லை. மறுபடி தட்டினார். "இப்பவே மதுரைக்குக் கொண்டுபோயிருங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார். தங்கராஜ் வேனிலேயே என்னைப் படுக்க வைத்துக் கூட்டிப்போனார். மலையிறங்கி வத்தலக்குண்டில் நிறுத்தித் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தபோது, அது என் கையிலிருந்து நழுவி விழுந்தது.

மதுரையில் நரம்பியல் மருத்துவர் ஒரு பெண்மணி. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை (சிறிதளவு மின்சாரம் செலுத்தி, நரம்பு எவ்வளவு வேகமாகச் சேதி கொண்டுபோகிறது என்று பார்ப்பது) செய்தார்கள். எல்லாம் பார்த்துவிட்டு அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இதுக்குப் பேரு கியான் பாரே. உடம்பக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, தப்பா நரம்போட மேலுறையத் தாக்குது. இது ஏறும்மா. எங்க நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. நின்ன இடத்துலருந்து மெதுவா எறங்கும். அதுவரைக்கும் நாம பாத்துக்க வேண்டியது மூச்ச மட்டுந்தான்."

பிறகு ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். முப்பதைத் தாண்டினேன். "நல்லது" என்றார். அதற்குப் பிறகு காலையும் மாலையும் யாராவது வந்து எண்ணச் சொன்னார்கள். சில நாட்களிலேயே பதினைந்தைத் தொட முடியவில்லை. அன்று மதியம் செயற்கைச் சுவாசக் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்து என் தலைமாட்டில் நிறுத்தினார்கள். மாட்டவில்லை. நிறுத்தி மட்டும் வைத்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் எதற்குப் பயந்தேன் என்று பலர் பிறகு கேட்டார்கள். சாவுக்குப் பயந்ததைவிட, தெளிவாக இருந்ததற்குத்தான் அதிகம் பயந்தேன். காய்ச்சல் இல்லை, மயக்கம் இல்லை. கால் போனது, கை போனது, முகம் போனது. கண்ணிமை முழுதாக மூடாததால் தூங்கும் நேரத்தில் தாதி ஒட்டுத்துணி போட்டு மூடினார். ஒவ்வொன்றும் போகும்போது நான் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தை வெளியே எடுத்து, கேடு செய்யும் நீர்ப்பகுதியை நீக்கிவிட்டு மீண்டும் செலுத்துவது) ஒருநாள் விட்டு ஒருநாள் நடந்தது. பார்வை நேரத்தில் தங்கராஜ் வருவார். அது சீசன் நேரம். வேன் ஓடினால்தான் உண்டு. "சவாரிக்குப் போகலையா?" என்று குழறலாகக் கேட்டேன். "எனக்கு என்ன சோலி கெடக்கு? இங்கனதான் இருப்பேன்" என்றார். என் பாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். அது எனக்குத் தெரிந்தது, பார்த்ததால் மட்டும்.

ஏறியது மூச்சை முழுதாகப் பறிக்கும் முன் நின்றது. கருவியை மாட்டாமலே திரும்பத் தள்ளிக்கொண்டு போனார்கள். கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தேன். கால்கள் இன்னும் வரவில்லை. முகத்தில் பாதி வந்திருந்தது. வலது கையில் மணிக்கட்டு கொஞ்சமும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அசைந்தன.

எங்கள் வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தது. பள்ளியில் கழித்துப் போட்டதை வாங்கி வந்தது. அதோடு ஓர் அட்டைப் பெட்டி நிறைய விளையாட்டு சிடிக்கள். ஆண்டு முடிந்து ஊருக்குக் கிளம்பும் மாணவர்கள் அறையைக் காலி செய்யும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவை. பெரும்பாலும் சாகச விளையாட்டுகள். அவற்றில் சுடுவதும் ஓடுவதும் கிடையாது. ஒரு மாளிகை, ஒரு தீவு, ஒரு ரயில் என்று ஏதோ ஓர் இடத்தில் நம்மை விட்டுவிடும். பார்த்த பொருளைச் சொடுக்கி எடுக்க வேண்டும், ஆட்களோடு பேச வேண்டும், பூட்டைத் திறக்க வழி தேட வேண்டும். சில காட்சி நாவல்களும் இருந்தன (படமும் இசையுமாக, ஒவ்வொரு வரியாகச் சொடுக்கிப் படித்துக்கொண்டே போகும் கதைகள்). விளையாட நேரம் இல்லாமலே சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். பாதிக்கு மேல் உறைகூடப் பிரிக்கவில்லை.

"நாளெல்லாம் மோட்டுவளையவே பாத்துக்கிட்டுக் கெடக்க. இந்தப் பெட்டியில உள்ளத ஒவ்வொண்ணாப் போட்டுப் பாரேன். ஒரு வெரலு போதும்ல இதுக்கு?" என்றார் தங்கராஜ். கட்டிலுக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு மவுஸை வைத்தார். என் கையைத் தூக்கி அதன் மேல் வைத்தார்.

ஒரு விரல் போதுமானதாக இருந்தது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஒரு கதவின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் விளையாட்டு காத்திருந்தது. மின்சாரம் போகும்போதெல்லாம் விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், அடிக்கடி சேமித்து வைக்கப் பழகினேன். வாழ்க்கையையும் இப்படிச் சேமிக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பார்க்க வந்த ஒருவர் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது. முடியாது என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே திரையைப் பார்ப்பார். ஒருநாள் நான் போட்ட காட்சி நாவலில் மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒரு பெண் வந்தாள்.

"இந்தப் புள்ளைக்கு என்ன சீக்கு?"

"நெஞ்சுல ஏதோ கோளாறும்மா."

"சொகமாயிருமா?"

"தெரியல. இன்னும் அவ்வளவு தூரம் போகல."

"போகாத" என்றார் அம்மா. "வேற எதையாச்சும் போடு புள்ள."

நிறுத்திவிட்டேன். எனக்கும் அவள் முடிவைப் பார்க்கத் தைரியம் இல்லை. அந்தக் கதையை இன்றுவரை முடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். மதிய நேரம். கலங்கரை விளக்கம் ஒன்றில் நடக்கும் கதை. அதன் கடைசிக் கதவுக்கு வந்துவிட்டேன். சாவி கையில் இருந்தது. கதவின் மேல் அம்புக்குறியை வைத்துச் சொடுக்கினேன். திறக்கவில்லை. இன்னும் ஏதோ ஒன்றை எடுக்காமல் விட்டிருக்கிறேன் என்று நினைத்து வேறு அறைக்குப் போகப் பார்த்தேன். அந்தக் கதவும் திறக்கவில்லை.

"மவுஸ் போச்சு போல" என்றேன்.

தங்கராஜ் வந்தார். மவுஸைக் கவிழ்த்து உருண்டையை எடுத்து, சட்டை நுனியால் துடைத்துப் போட்டார். நான் மறுபடி அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. நடுவிரலால் அழுத்தினேன். அவர் என் கையை மெதுவாக நகர்த்திவிட்டுத் தன் விரலால் ஒருமுறை அழுத்தினார்.

கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. நல்ல இசை ஒன்று வந்தது.

நாங்கள் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு அவர் எழுந்து போய், "அத்தே, வெரசாக் கெளம்புங்க. மதுரைக்குப் போகணும்" என்றார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு எனக்குக் கேட்டது.

அன்று மலைப்பாதை முழுவதும் மஞ்சு மூடி வழி தெரியவில்லை. பட்டப்பகலில் முன்விளக்கைப் போட்டு ஓட்டினார். அம்மா மடியில் என் தலை. உதட்டை அசைக்காமல் எனக்குள்ளேயே எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன்.

"செல்வி, சத்தமா எண்ணு" என்றார் தங்கராஜ், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்குக் கேக்கணும். எண்ணிக்கிட்டே வா."

சத்தமாக எண்ணினேன். மூச்சு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. வளைவில் வண்டி திரும்பும்போது குரல் கொஞ்சம் தடைபட்டால், "ம், மேல சொல்லு" என்பார். மலை இறங்கும்வரை அவர் என் குரலைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். அம்மா என் நெற்றியில் கைவைத்தபடி அழாமல் இருந்தார். அந்தப் பயணத்தில் பயந்ததுபோல நான் அதற்கு முன்பும் பயந்ததில்லை, பின்பும் பயந்ததில்லை. எண்ணிக்கை இருபதுக்கு மேலேயே இருந்தது. ஆனால் இருபது எப்போது பத்தாகும் என்று எனக்குத் தெரியாது.

"சிலருக்கு ஆரம்பத்துல இப்படி ஒரு தடவ திரும்பும்மா" என்றார் மருத்துவர். "மறுபடி பிளாஸ்மா மாத்துவோம். சரியாகும். ஆனா அதுக்கப்புறமும் திரும்புச்சுன்னா இது வேற வகை. நாள்பட்டது. வருஷக்கணக்குல மருந்து சாப்பிடணும்."

"எந்த வகைன்னு எப்பத் தெரியும்?"

"பொறுத்துத்தான் பாக்கணும்."

அந்தப் பொறுத்திருந்த மாதங்களைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். மருத்துவமனையில் பயத்தைப் பங்குபோட ஆள் இருக்கிறது. வீட்டில் நீங்களும் உங்கள் உடம்பும் மட்டும். விரல்கள் மறுபடி அசைந்தன. நான் அவற்றை நம்பவில்லை. காலையில் கண் விழித்ததும் கணினியைப் போடச் சொல்வேன். விளையாடுவதற்கு அல்ல. விரல் அழுத்துகிறதா என்று பார்ப்பதற்கு. ஒரு சிடி முடிந்தால் அடுத்தது. நிறுத்தினால் அந்த இடைவெளியில் நோய் வந்துவிடும் என்று தோன்றியது. எத்தனையோ கதைகளை முடித்தேன். யார் கொலைகாரன், யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள், எதுவும் மனதில் நிற்கவில்லை. சொடுக்கும் சத்தம் மட்டுமே நின்றது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. அன்று போட்ட விளையாட்டில், தீவில் கடை வைத்திருக்கும் ஒரு வியாபாரி. ஓட்டை வாளியை, தண்ணீரே கனக்காத அபூர்வ வாளி என்று என் தலையில் கட்டப் பார்க்கிறான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னொருக்காச் சிரி."

"எதுக்கும்மா?"

"சிரியேன். வாய் கோணல. ரெண்டு பக்கமும் ஒண்ணா வருது."

தங்கராஜ் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினார். சிரித்துப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது: மத்தியானத்திலிருந்து நான் விரலைச் சோதிக்கவே இல்லை.

நோய் மூன்றாம் முறை வரவில்லை. திரும்பாது என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவும் இல்லை. நடைச் சட்டகத்தை (வாக்கர்) பிடித்து நின்றேன், பிறகு கைத்தடி, பிறகு தடியில்லாமல். அடுத்த ஆண்டு பள்ளி திறந்தபோது வேலைக்குப் போனேன். இப்போதும் பாதங்கள் முழுதாக என்னுடையவை அல்ல. இறங்கும்போது தரையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். வயிறு சற்றுக் கலக்கினாலும் வீட்டில் எல்லோர் கண்ணும் என் கால்களுக்குப் போகிறது.

சென்ற மாதம் வில்பட்டியிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். அவள் கணவனுக்கு அதே நோய். மதுரையில் கருவி மாட்டியிருக்கிறார்கள். யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தவள், அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டும்.

"எத்தன நாள்ல சரியாகும் அக்கா?"

முன்பு என்றால் மாதக்கணக்கில் ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று அப்படிச் சொல்லாமல் எழுந்தேன். "வா, பஸ் ஏத்திவிடுறேன்" என்றேன்.

சரிவில் இறங்கினோம். அவளுக்கு அவசரம். நாலெட்டு முன்னால் போய்விட்டு நின்று திரும்பிப் பார்த்தாள். நான் ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்து வந்துகொண்டிருந்தேன். அவள் பார்வை என் பாதங்களிலேயே நின்றது. நான் பக்கத்தில் வந்ததும் என்னோடு சேர்ந்து அதே வேகத்தில் நடக்கத் தொடங்கினாள். கீழே பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. அவள் ஓடவில்லை.

"அவரும் நடப்பாருல்லக்கா?"

நடப்பார் என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. மாட்டார் என்பதும் எனக்குத் தெரியாது.

"நான் நடக்குறேன்" என்றேன்.

அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைத் தாங்குவதற்கா, தான் விழாமல் இருப்பதற்கா என்று தெரியவில்லை. அந்த பஸ் போய்விட்டது. அடுத்தது வரும்வரை நின்றோம்.