நண்டுக் கறி தின்றவளை வாவியில் இறக்கிய கதை

எங்கள் வாவியில் மீன் பாடும் என்பது ஊர்ப் பேச்சு, கல்லடிப் பாலத்துக்குக் கீழே அது பாடுவதை நான் கேட்டதில்லை. எங்கள் இலக்கிய வட்டத்தில் வேறு யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. ஆனால் வட்டம் வருடாவருடம் வெளியிடுகிற சிறுகதைத் தொகுப்பில் பாதிக் கதைகள் பூரண நிலவோடும் பாடும் மீனோடும்தான் தொடங்கும். முடிவும் ஒரே அச்சுத்தான். கதாநாயகி விதவையாக இருப்பாள், வெள்ளைச் சேலை கட்டியிருப்பாள், கடைசிப் பந்தியில் வாவிக்குள் இறங்கிப் போய்விடுவாள். இந்தத் தொகுப்புகளில் இறங்கியவர்கள் எல்லாரும் உண்மையிலே இறங்கியிருந்தால் வாவியில் மீனுக்கு நீந்த இடம் இருந்திராது.

இதற்கு எங்கள் தலைவர் வைத்திருக்கிற பெயர் மரபு. சாவீடு என்றால் முதல் ஆளாக வந்து நிற்கிற மனுசர் அவர், அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இளமையில் அவர் எழுதிய ஒரு கதையில் ஒரு பெண் வாவிக்குள் போனாளாம், வாசித்தவர்கள் எல்லாரும் அழுதார்களாம். அன்றிலிருந்து மற்றவர்கள் எழுதுகிற பெண்களையும் அதே துறையால் இறக்கிக்கொண்டிருக்கிறார். தொகுப்புக்கு வருகிற கதைகளைத் 'திருத்துவது' வட்டத்தின் வழக்கம். எழுதியவரிடம் கேட்பது வழக்கமில்லை. புத்தகத்தில் பெயர் வந்தால் போதும் என்று எழுதியவர்களும் வாய் திறப்பதில்லை. எனக்கு இந்த வழக்கமே அருவருப்பு. தெரிவுக் குழுவில் ஒரு பெண் இருக்கவேண்டுமே என்று என்னையும் அதில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் என் பதவி.

போன தொகுப்புக்கு, தூரத்துக் கடற்கரை ஊரான மாங்கேணியிலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை கதை கொண்டுவந்தாள். அவளுடைய முதல் கணவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. சில வருடம் கழித்து, கிரானிலிருந்து வீடு கட்டும் மேசன் வேலைக்கு வந்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்தாள். அதோடு முதல் கணவனின் தாய் இவளோடு பேச்சை நிறுத்திவிட்டா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் அந்த மாமி இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாவாம்.

"நேர சொன்னா மாமி கேக்க மாட்டா அக்கா. ஆனா கதை எண்டா விடாம வாசிப்பா. கதைக்குள்ளால சொன்னா விளங்கிருவா எண்டுதான் எழுதினன்" என்றாள்.

கதையை அன்றே வாசித்தேன். அதில் நிலவு இல்லை, மீன் பாடவில்லை. ஒரு பெண்ணின் புருசனைக் கடல் கொண்டுபோகிறது. அதற்குப் பிறகு அவள் கடலில் பிடித்த எதையும் வாயில் வைப்பதில்லை. மாமியார் மட்டும் அவளுக்காக ஒவ்வொரு நாளும் மரக்கறி சமைத்துக் கொடுக்கிறா. மறுகலியாணம் நடக்கிறது. ஒரு மத்தியானம் புதுப் புருசன் நண்டுக் கறி சமைக்கிறான், உப்புக் கூடிப்போகிறது. அவள் ஒரு நண்டுக் காலை எடுத்து ஓட்டைக் கடித்து உறிஞ்சுகிறாள், சிரிப்பு வருகிறது. "இன்னும் கொஞ்சம் கறி கிடக்கா?" என்று கேட்கிறாள். கதை அந்த இடத்தில் முடிகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குழுவில் தலைவர் கதையைக் கையில் வைத்துக்கொண்டு சலித்துக்கொண்டார்.

"தொடக்கம் நல்லா இரிக்கி தங்கச்சி. முடிவில என்ன, சோறு திங்கிறா. இது என்ன சிறுகதையா? வாசகன்ட கண்ணில தண்ணி வரவேணாமா?"

"எனக்கு வந்தது" என்றேன்.

"உங்களுக்கு வந்து என்ன செய்ய? மரபு எண்டு ஒண்டு இரிக்கி."

அன்று நான் கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் பேசினேன். ஒரு எழுத்து மாறினாலும் என் பெயரைக் குழுவிலிருந்து எடுங்கள் என்றேன். "சரி சரி, அப்பிடியே போடுவம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பினேன்.

வெளியீட்டு விழா வாவிக்கரை மண்டபம் ஒன்றில் நடந்தது. விளக்கேற்றி, வரவேற்புரை, தலைமையுரை, ஆளுக்கொரு பொன்னாடை எல்லாம் முடிந்து, எழுதியவர்கள் தங்கள் கதையின் கடைசிப் பக்கத்தை வாசிக்கும் கட்டம் வந்தது. அவள் கணவனோடு வந்திருந்தாள். கணவர் புதுச் சேட்டுப் போட்டு முன்வரிசையில் இருந்தார். புத்தகத்தை அப்போதுதான் எல்லாருக்கும் கொடுத்திருந்தார்கள். அவள் மேடையில் ஏறி, பக்கத்தைப் புரட்டி, வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

நான் என் கையிலிருந்த பிரதியைப் பிரித்தேன். கதையில் மறுகலியாணமே இல்லை. மேசன் ஒருவன் வருகிறான், கலியாணம் கேட்கிறான். அவள் இறந்துபோனவனின் படத்தைக் கும்பிட்டுவிட்டு, பூரண நிலவில், மீன் பாட, வாவிக்குள் இறங்குகிறாள். மாங்கேணிக்காரி கடலை விட்டுவிட்டு வாவியைத் தேடி இவ்வளவு தூரம் எதற்கு வரவேண்டும் என்றுகூட அந்த மனுசர் யோசிக்கவில்லை. சாக்கடைத் தண்ணீரை முகத்தில் ஊற்றியதுபோல இருந்தது எனக்கு.

அவள் புத்தகத்தை மூடினாள். தன் முடிவை, நண்டையும் உப்பையும் சிரிப்பையும், மனப்பாடமாகச் சொன்னாள். ஒரு சொல் விடவில்லை. சபை கைதட்டியது.

அடுத்ததாக மதிப்பீட்டுரை. பேச்சாளர் எழுந்து, வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்த தாளைப் பிரித்து வாசித்தார். "சற்று முன் நாம் கேட்டு உருகிய அந்த இறுதிக் காட்சி! தண்ணீர் அவள் தலைக்கு மேலே மூடும்போது என் நெஞ்சும் மூடியது." சபை அதற்கும் கைதட்டியது. நண்டுக்குத் தட்டிய அதே கைகள். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நடிப்பு என்றால்கூட மன்னிக்கலாம், மனுசர் உண்மையாகவே அழுதார். அங்கே சிற்றுண்டிக்குக் கொடுத்த ரோல்ஸை வெறுப்பில் தொடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் கணவர் அவளைப் பார்த்துச் சொன்னார், "வாங்க டீச்சர், தண்ணிக்க இறங்க முதல் ஒரு பிளேன்டி குடிச்சிட்டுப் போவம்." அவள் சிரித்தாள். நான் அன்றே வட்டத்திலிருந்து விலகினேன். அதோடு விசயம் முடிந்தது என்று நினைத்தோம்.

ஆனால் தொகுப்பின் பிரதிகளை ஊர் நூலகங்களுக்கு அனுப்புவதும் வட்டத்தின் வழக்கம். சில கிழமை கழித்து, அவளைப் பார்க்க மாங்கேணிக்குப் போனேன். கணவர் பின்பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தேத்தண்ணியைக் கையில் எடுக்கிறேன், வேலிப் படலை திறக்கிற சத்தம். வயதான ஒரு மனுசி, கையில் நூலகப் புத்தகத்தோடு உள்ளே வந்தா. ஆசிரியையின் முகம் போன போக்கில் இவதான் மாமி என்று விளங்கிக்கொண்டேன்.

மாமி அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா.

"புள்ள, வாசிச்சன். ரெண்டு தரம் வாசிச்சன். நான் சமைச்சுத் தந்ததையும் மறக்காம எழுதியிரிக்காய். கதையில எண்டாலும் என்ட மகனோடயே போயிட்டியே புள்ள. நீ அவன மறக்கல்ல எண்டு இப்பதான் விளங்கினது. நான் உன்னோட கதைக்காம இருந்தது பிழை."

மாமி அழுதா. அவளும் அழுதாள். பின்பக்கத்தில் கத்திச் சத்தம் நின்றுவிட்டது. பேசாமல் இரு பிள்ளை, பேசாமல் இருந்துவிடு என்று என் மனம் அடித்துக்கொண்டது. இத்தனை நாள் அந்த வேலிக்கு மேலால் அவள் எதிர்பார்த்திருந்த சொல் இதுதானே.

அவள் கண்ணைத் துடைத்தாள். "மாமி, அந்த முடிவ நான் எழுதல்ல. நான் எழுதினதில அவ மறுகலியாணம் முடிச்சு நல்லா இரிக்கா. நண்டுக் கறி தின்டு சிரிக்கா. உங்கட மகனையும் அவ மறக்கல்ல. ரெண்டும் மெய்தான் மாமி."

மாமி கையை விட்டா. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டா.

"அப்ப, இத எழுதினது ஆரோ அந்த மனுசனுக்குத்தான் என்ட மகன்ட அருமை தெரிஞ்சிரிக்கி" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனா.

அவள் ஆறிப்போன என் தேத்தண்ணியை எடுத்து வெளியே ஊற்றினாள். கணவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"ஓம், நான்தான் எழுதினன் எண்டு ஒரு சொல்லு சொல்லியிருந்தா மாமி இண்டைக்கு இஞ்ச சாப்பிட்டுட்டுப் போயிருப்பா, என்ன அக்கா?" என்றாள்.