துறைமுகத்துக்கு முதுகு காட்டி

ஜப்பான்காரனின் குண்டு விழுந்த பிறகு திருகோணமலையில் பாதிப் பேர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். நாங்களும் இலங்கைத்துறையில் ஓர் உறவினர் வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டு ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். என் கணவருக்குச் சீனன்குடா விமானத்தளத்தில் வேலை. நான் படிப்பித்த பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. பகலில் வீட்டில் நானும் கணவரின் தங்கையும்தான். அவளுக்கும் என் வயதுதான். ஒருவரையொருவர் மச்சாள் என்றே கூப்பிடுவோம்.

ஒருநாள் காலை, பழைய கொப்பியொன்றில் கொக்கு கீறிக் காட்டினேன். வகுப்பில் கரும்பலகையில் எத்தனையோ தடவை கீறிய கொக்கு. மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இதென்ன, கழுத்தில எலும்பே இல்லையோ? பாம்பு மாதிரிக் கிடக்கு."

"கொக்கின்ர கழுத்து அப்பிடித்தான்."

"நீர் கடைசியா எப்ப கொக்கைப் பார்த்தனீர்?"

கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு இருவரும் மேட்டிலிருந்து இறங்கி, உள்துறைமுகத்தின் சேற்றுக்கரைக்குப் போனோம். அங்கே நின்ற கொக்கின் கழுத்து நடுவில் ஓரிடத்தில் முழங்கை போல மடிந்திருந்தது. மீனைக் குத்தும்போது அந்த மடிப்பு சடாரென்று நிமிர்ந்தது. வாய்விட்டுக் கத்திவிட்டேன். அவ்வளவு சந்தோசம்!

பிறகு தினமும் போனோம். முதலில் பென்சிலைத் தொடாமல் பார்ப்பது, அப்புறம் கீறுவது, பக்கத்தில் வெயிலையும் காற்றையும் எழுதுவது என்று எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. மச்சாளுக்குக் கை வராது. அவள் கீறும் நண்டு தோசை போல இருக்கும். ஆனால் கீழே எழுதுவாள்: "நண்டு என்னைப் பார்த்தது. நான் அசையவில்லை. அதற்கு அலுத்துவிட்டது."

ஒருநாள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்ன கீறுறியள்? கப்பலோ?"

பொலிஸ்காரர் ஒருவர். முன்னால் துறைமுகம் நிறையப் போர்க்கப்பல்கள். அந்த நாட்களில், உளவாளி என்று பிடித்துவிடுவார்களென்று, அந்தப் பக்கம் விரல் நீட்டவே ஆட்கள் பயப்படுவார்கள்.

"இல்லை ஐயா, குருவி," என்றாள் மச்சாள்.

அவர் கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நண்டு, இலை, கொக்கின் கழுத்து. ஒரு பக்கத்தில் கை நின்றது.

"இது உள்ளான் குருவியெல்லோ? கால் கறுப்பெண்டு எழுதிக் கிடக்கு. மஞ்சள்தானே?"

"கறுப்பு. அங்க நிக்குது, நீங்களே பாருங்கோ."

"வெயிலுக்கு அப்பிடித் தெரியுது."

சேற்றில் நின்ற உள்ளானைப் பார்த்தபடி மூவரும் காத்திருந்தோம். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். உள்ளான் மெல்ல நடந்து தெளிந்த தண்ணீருக்குள் இறங்கியது. சேறு கழுவிப்போய் அது வெளியே வந்தபோது கால்கள் சிவப்பு! பவளச் சிவப்பு!

முதலில் சிரித்தவர் அவர்தான். "மூண்டு பேருக்கும் பிழை!"

பிறகு உத்தியோகம் நினைவுக்கு வந்ததுபோலத் தொப்பியை மாட்டிக்கொண்டார். "ஆனா பிள்ளையள், கப்பல் பக்கம் பார்த்துக் கீற ஏலாது. கீறுறதெண்டால் அங்கால திரும்பி இருங்கோ."

"ஓம் ஐயா," என்றோம். கொப்பி திரும்பக் கிடைத்ததே பெரிய காரியம்.

மறுநாள் துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். இத்தனை நாளும் தலை திருப்பியே பார்க்காத முள்மரமொன்று அங்கே நின்றது. மாரி மழை விட்ட பிறகு அதில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கின. ஓர் ஆண்குருவி பாதிக் கூட்டில் தொங்கிச் சிறகடித்துக் கூப்பிடும். பெண்குருவி வந்து உள்ளே தலையை விட்டுப் பார்க்கும், பறந்துவிடும். ஆண்குருவி சளைக்காமல் மறுபடியும் நார் கொண்டுவரும்.

"பாவம், பொம்பிளைக்கு வீடு பிடிக்கேல்லை," என்றாள் மச்சாள்.

நாட்கணக்கில் அந்த ஒரு கூட்டையே கீறினேன். ஒரு காலை, வந்த பெண்குருவி உள்ளே போய் வெளியே வரவேயில்லை. மச்சாள் எழுந்து நின்று கைதட்டினாள். மரத்திலிருந்த குருவிகள் அத்தனையும் கலைந்து பறந்துவிட்டன. அன்றைக்குக் கீற எதுவும் கிடைக்கவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு நோக, வீட்டுக்கு மேடேறினோம்.