வினைல் தரையில் தேங்காய் எண்ணெய்

இன்று சங்கரன்கோவில் கடை ஒன்றில் வினைல் தரைவிரிப்பு பார்த்தேன்.

"எண்ணெய் மட்டும் தேய்ச்சிராதிய அண்ணாச்சி, வழுக்கும். ஈரத்துணியப் பிழிஞ்சு துடைச்சாலே போதும்" என்றார் கடைக்காரர்.

எண்பதுகளில் எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அக்காவின் வளைகாப்புக்காக அப்பா வீட்டில் வினைல் விரித்திருந்தார். பளபளக்கட்டும் என்று அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். எட்டு மாதக் கர்ப்பிணியான அக்கா வழுக்கி விழுந்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோதும் அம்மா சீயக்காய்த் தூள் போட்டு அந்தத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்மா. நான்தான் பாத்து நடந்திருக்கணும்" என்றாள் அக்கா.

அதன்பின் அவளுக்குக் குழந்தையே இல்லை.

நான் விரிப்பைக் கீழே வைத்ததும், "டிசைன் பிடிக்கலையா அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?